உஷார்! வரி ரசீது மலையைத் தாங்காது

திருவண்ணாமலையில் மனை வாங்க நினைப்பவர்களே, அடிவாரத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களே, ஏற்கெனவே அங்கே அடுப்பு மூட்டிக் குடியிருப்பவர்களே, ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் படித்துவிடுங்கள்.

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், வந்த வேகத்தில் போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. அந்த மழை மேற்கே நகர்ந்து நம் மலை மீதும் விடாமல் பெய்தது. அன்று மாலை வ.உ.சி. நகரில், மலைச் சரிவை ஒட்டிய 11ஆவது தெருப் பக்கம், ஊறிப்போன மண்ணும் பெரும்பாறையும் சேர்ந்து இறங்கின. ஒரு வீடு அப்படியே மூடிப்போனது. உள்ளே ஏழு பேர். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் கையாலும் கடப்பாரையாலும் மண்ணை விலக்கிக் கடைசி உடலை எடுப்பதற்குள் டிசம்பர் 3 ஆகிவிட்டது.

அந்த ஆண்டு கார்த்திகை தீபம் டிசம்பர் 13. புவியியல் வல்லுநர்கள் மலையேறிப் பார்த்துவிட்டு வந்த பிறகு, பக்தர்கள் மலை ஏற அனுமதி இல்லை என்று அரசு அறிவித்தது. கொப்பரையையும் நெய்யையும் தூக்கிப் போகிறவர்கள் போன்ற சிலரைத் தவிர யாரும் ஏறவில்லை. மலையில் ஒரு நாள் ஏறி இறங்குவது ஆபத்து என்று தடுத்தார்கள்; அது சரியான முடிவு. அதே மலைச் சரிவில் 365 நாளும் படுத்து எழுகிறவர்களின் கதி என்ன? அப்போது பிடித்துக்கொண்ட கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

அந்த ஒரு வீட்டின் பத்திரங்களைப் பற்றி நான் பேச வரவில்லை. இறந்துபோனவர்களைக் குறை சொல்ல வாயெடுத்தால் அந்த வாய் அழுகிப்போகும். நான் பேச வந்தது நம் ஊரில், நம்மூர் போன்ற எல்லா ஊர்களிலும், ஒரு தெரு எப்படிப் பிறக்கிறது என்பதைப் பற்றி. 11ஆவது தெரு என்று ஒன்று இருந்தால் அதற்கு முன்னால் பத்துத் தெரு வந்திருக்கிறது என்று அர்த்தம். தெருவுக்கு எண் வருகிறது. கதவுக்கு எண் வருகிறது. பின்னாலேயே விளக்குக் கம்பம் வருகிறது. இவை எல்லாம் எவரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு வந்தவை. அந்தக் கையெழுத்துகளில் எதற்குமே "இந்த இடம் குடியிருக்கத் தகுந்தது" என்று பொருள் இல்லை. இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த சேதி. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எனக்கே பயமாக இருப்பதால் சொல்கிறேன்.

எங்கள் தெருமுனையில் பூக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கண்விழித்து மாலை கட்டிச் சேர்த்த காசு. ஒருநாள் மஞ்சப்பையோடு வந்தார். "அண்ணா, அடிவாரத்துல ஒண்ணேகால் சென்ட் வருது. எல்லா ரெக்கார்டும் இருக்குதாம். ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்றார். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினோம். வீட்டு வரி ரசீதுகள், ரப்பர் பேண்ட் போட்டு, பத்து வருடத்துக்கு மேல். மின் கட்டண அட்டை, பழையது, ஓரமெல்லாம் மடங்கி. குடிநீர் இணைப்புக்குப் பணம் கட்டிய சீட்டு. அந்த முகவரியில் ரேஷன் அட்டையின் நகல். 20 ரூபாய் முத்திரைத்தாளில் நோட்டரி முத்திரையோடு ஓர் ஒப்பந்தம். கடைசியாக, பிளாஸ்டிக் உறையில் போட்டு ரொம்ப பத்திரமாக வைத்திருந்த ஒரு காகிதம். தரகர் அதைத்தான் "பட்டா மாதிரி" என்று சொல்லியிருந்தாராம். பிரித்துப் பார்த்தேன். அது பி-மெமோ ரசீது.

இந்த ஊரில் பி-மெமோவை நம்பிக் காசைக் கொட்டியவர்கள் எத்தனை பேர்! அது என்னவென்று தெரிந்தால் கையில் வாங்கவே தயங்குவீர்கள். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான். இன்றும் நடைமுறையில் உள்ளது. அரசுப் புறம்போக்கில் ஒருவர் குந்தியிருந்தால் கிராம நிர்வாக அலுவலர் அதைக் கணக்கில் எழுதி மேலே அனுப்புவார். அதற்குப் பெயர் பி-மெமோ. அதை வைத்து அபராதமும் தீர்வையும் வசூலிப்பார்கள். அதாவது, "நீ அரசு நிலத்தில் அனுமதி இல்லாமல் இருக்கிறாய்" என்பதற்கு அரசே எழுதி வைத்த சாட்சி அது. அதே சட்டத்தில்தான் நோட்டீஸ் கொடுத்து அப்புறப்படுத்தும் பிரிவுகளும் இருக்கின்றன. குற்றப்பத்திரிகையை உறையில் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம்.

மற்றக் காகிதங்களும் அப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் அதனதன் வேலை உண்டு. வீட்டு வரி என்பது கட்டடத்தின் மீது விழுகிற வரி. அங்கே சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது, ஆள் இருக்கிறார், ஆகவே வரி. வரி கட்டியதால் நிலம் உரிமையாகிவிடாது என்று நீதிமன்றங்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டன. மின் இணைப்பு? 2003 மின்சாரச் சட்டத்தின் 43ஆவது பிரிவு, உரிமையாளருக்கு மட்டுமல்ல, குடியிருப்பவர் கேட்டாலும் இணைப்புத் தர வேண்டும் என்கிறது. மனிதர்களை இருட்டில் வைக்கக்கூடாது என்பதால் வைத்த நல்ல விதி. அந்த நல்ல விதியைத்தான் தரகர் "ஈ.பி.யே வந்துடுச்சு சார், அப்புறம் என்ன?" என்று திருப்பிப் பேசுகிறார். குடிநீர்க் குழாயும் இரக்கத்தில் வந்ததுதான். ரேஷன் அட்டை வயிற்றுக்கானது.

மின்வாரியத்துக்காரர் மீட்டரைப் பார்க்கிறார். வரி வசூலிப்பவர் சுவரை அளக்கிறார். குழாய் போட வந்தவர் மேடு பள்ளம் பார்க்கிறார். எந்த அலுவலரும் தலையை நிமிர்த்தி வீட்டுக்குப் பின்னால் தொங்குகிற பாறையைப் பார்த்து எழுத வேண்டும் என்று அவர்கள் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை. ஆறு மேசை, ஆறு "சரி". ஆறு "சரி" சேர்ந்தால் ஒரு பெரிய "சரி" என்று குடிவருகிறவர் நம்பிவிடுகிறார். எந்த மேசையிலும் "வேண்டாம்" என்ற சொல் எழுதப்படவே இல்லை. ஊராட்சியோ, நகராட்சியோ, மாநகராட்சியோ, அன்றாட நிர்வாகம் என்பது பெரும்பாலும் இந்தச் சின்னச் சின்ன "சரி"கள்தான்.

இதற்கு ஓர் அயல்நாட்டு உதாரணம் சொல்லியே ஆக வேண்டும், நம்மூர் கதையைப் போலவே இருப்பதால். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் ஆபர்ஃபான் என்று ஒரு சுரங்க ஊர். நிலக்கரிச் சுரங்கத்துக் கழிவை ஊருக்கு மேலே மலைமேல் குவித்துக்கொண்டே போனார்கள். ஒரு குவியலுக்கு அடியில் நீரூற்று இருந்தது. 1963இல் அந்தப் பகுதி நகர மன்றத்தின் பொறியாளர், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொட்டப்படும் கரிச்சேற்றினால் ஆபத்து என்று தலைப்பிட்டே ஒரு கடிதம் எழுதினார். கடிதத்துக்குப் பதில் வந்தது, மறுபடி கடிதம் போனது, கோப்பு மேசை மேசையாகச் சுற்றியது. 1966 அக்டோபர் 21 காலை, பள்ளியில் வகுப்பு தொடங்கும் நேரம், மழையில் ஊறிய குவியல் இறங்கியது. 116 குழந்தைகள், 28 பெரியவர்கள். விசாரணை ஆணையம் பிறகு உட்கார்ந்து, சுரங்க வாரியம்தான் பொறுப்பு என்று தீர்ப்பு எழுதியது. அங்கே எச்சரிக்கை இல்லாமல் இல்லை. எழுத்திலேயே இருந்தது. குவியலை நிறுத்தும் அதிகாரம் உள்ள மேசையில் "நிறுத்து" என்று எழுத ஒரு கை மட்டும் இல்லை.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதுகூட இல்லை. 2014 ஜூலை 30, புனே மாவட்டத்தில் மாளின் கிராமத்தில் மண்சரிவு. சரியாகப் பத்து வருடம் கழித்து அதே ஜூலை 30, வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை. நான்கே மாதத்தில் திருவண்ணாமலை. அளவில் வேறு வேறு. மண் இறங்கும் விதம் மட்டும் ஒன்றுதான். சரிவில் பாறையும் மண்ணும் கலந்து நிற்கும்போது, மண்தான் பாறைக்கு முட்டு. அந்த மண்ணுக்குள் நீர் இறங்கி நிரம்பினால் முட்டு தளர்கிறது. சரிவின் அடியை வெட்டி மட்டம் செய்து வீடு கட்டினால், முட்டின் காலையே வெட்டியதாகிறது. மேலே மரம் போய்விட்டால் வேர்ப் பிடிமானமும் போகிறது. மூன்றும் சேர்ந்த இடத்தில் மழை ஒரு சாக்கு மட்டுமே.

அந்தத் தம்பியிடம் தரகர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "பன்னெண்டு வருஷம் குடியிருந்தா நிலம் நம்மளுதுதான்." இந்த வாசகத்தை எங்கே கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். 12 ஆண்டுக் கணக்கு தனியார் நிலத்துக்கு உரியது. அரசு நிலத்தை மீட்க அரசுக்குக் காலவரையறைச் சட்டம் கொடுக்கும் அவகாசம் 30 ஆண்டு. அதைத் தாண்டியும் நீதிமன்றத்தில் உரிமை நிலைநாட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. வனத்துறை நிலமாக இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி இல்லாமல் காட்டு நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றவே முடியாது. "அடுத்த எலெக்‌ஷனுக்குள்ள எல்லாருக்கும் பட்டா குடுத்துடுவாங்க" என்பது அடுத்த வாசகம். வருவாய்த் துறையில் ஆட்சேபணையற்ற புறம்போக்கு, ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு என்று இரண்டு உண்டு. முதல் வகைக்கு அவ்வப்போது வரன்முறை வரும். ஓடை, ஏரி, குளம், மலை இவையெல்லாம் இரண்டாவது வகை. நீங்கள் வாங்குவது எந்த வகை என்று தரகரிடம் கேளுங்கள். பேச்சை மாற்றுவார்.

சரி, புறம்போக்கு இல்லை, பட்டா நிலம்தான் என்கிறார்கள், அப்போது நிம்மதியா? அதுவும் பாதிதான். பட்டா என்பது நிலம் யாருடையது என்று சொல்லும். வீடு கட்டலாமா என்று சொல்லாது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று தடை போட்டதும், தமிழ்நாடே அல்லோலகல்லோலப்பட்டதும் நினைவிருக்கும். பிறகு 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்கு வழி பிறந்தது. அப்படி வரன்முறை ஆன மனை என்றாலும், அது கட்டணம் கட்டி வாங்கிய ஒழுங்கு. மழை நாளில் மேலேயிருந்து என்ன வரும் என்பதற்கு அந்த ஆணையில் பதில் இருக்காது.

இப்போது புதிதாக ஒரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 1886இல் அமைந்த நம் நகராட்சி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. நாமக்கல், புதுக்கோட்டை, காரைக்குடியோடு சேர்த்துத் தரம் உயர்த்தினார்கள். நகரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளும் நகரத்தோடு சேரும் என்ற பேச்சு எழுந்த நாளிலிருந்தே கிரிவலப் பாதையை ஒட்டிய மனைகளின் விலை தலைகால் தெரியாமல் ஓடுகிறது. எல்லை மாறும் காலம்தான் மனை வியாபாரிகளுக்கு அறுவடைக் காலம். "ஊராட்சி அப்ரூவல் இருக்கு", "மாநகராட்சி ஆயிட்டா தானா சரியாயிடும்" என்று இரண்டு வாக்கியத்துக்கு நடுவே ஆளை விழத்தட்டுவார்கள். ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட மனைப்பிரிவு வரைபடத்தை அங்கீகாரம் என்று நம்பி ஏமாந்தவர்கள்தான் 2016இல் பத்திர அலுவலக வாசலில் கண்ணீரோடு நின்றார்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் எண் வேண்டும். எண்ணைக் கேட்டு வாங்கி, அது இந்த மனைப்பிரிவின் எண்தானா என்று அலுவலகத்திலேயே சரிபாருங்கள்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மலையடிவாரத்துக்கு ஆசைப்பட்டுப் போகிறவர்கள் சிலர். வேறு வழியில்லாமல் போகிறவர்களே அதிகம். ஊருக்குள் காலியாக ஓர் அறை இருந்தால் அதைப் பௌர்ணமி நாட்களில் வெளியூர்க்காரர்களுக்கு விட்டு மாத வாடகையை ஒரே இரவில் எடுத்துவிட முடிகிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் பூக்கட்டுகிறவருக்கும், சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கும், ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் கட்டுப்படியாகிற வாடகை எங்கே கிடைக்கும்? ஒவ்வொரு படியாக மேலே ஏறிக் கடைசியில் பாறைக்கு அடியில் போய் நிற்கிறார்கள். அவர்களை ஒரு நாள் ஜே.சி.பி.யோடு வந்து இறக்கிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று யாராவது சொன்னால், அது பொய். இங்கே இடித்தால் அடுத்த மாதம் ஓர் ஓடைக்கரையில் கொட்டகை முளைக்கும். தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் இதற்காகத்தான் இருக்கிறது. மாற்று வீடு எங்கே, வேலைக்குப் போகிற தூரம் எவ்வளவு, பிள்ளைகளுக்குப் பள்ளி எது என்று சொல்லிவிட்டுத்தான் "இறங்குங்கள்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமலே காலத்தை ஓட்டினால் அதுவும் கொலைக்குச் சமம்தான். வார்த்தை கடுமையாக இருக்கிறதென்று நான் மாற்றப்போவதில்லை.

இந்த ஊர் நிர்வாகத்தின் நாட்காட்டியைக் கொஞ்சம் பாருங்கள். வருடத்துக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பௌர்ணமி. ஒவ்வொன்றுக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகக் குப்பை, கழிவறை, குடிநீர், விளக்கு, தற்காலிகப் பேருந்து நிலையம். இந்திர லிங்கத்திலிருந்து ஈசான்ய லிங்கம் வரை கூட்டம் நகர்ந்து முடித்து, துப்புரவுப் பணியாளர்கள் குப்பையை வாரி முடிப்பதற்குள் அடுத்த பௌர்ணமிக்கு ஆயத்தக் கூட்டம். நடுவில் சித்திரை, ஆடி, கடைசியில் கார்த்திகை தீபம். லட்சக்கணக்கானவர்கள் வந்து போகும் ஊரை நடத்துவது சாமானியமில்லை. அந்தப் பணியாளர்களின் உழைப்பை நான் நேரில் பார்க்கிறவன். 2011 கணக்கெடுப்பில் இந்த நகராட்சியின் மக்கள்தொகை 1,45,278. அந்த அளவு ஊருக்கென்று அமைந்த ஆள்பலத்தை வைத்துக்கொண்டு அதைப்போல பல மடங்கு விருந்தினரைக் கவனிக்கிறார்கள்.

ஆனால் கவலை எங்கே என்றால், தீபம் வருவது கார்த்திகையில். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் மாதமும் அதே கார்த்திகை. மலைச் சரிவையும் ஓடைகளையும் தெருத்தெருவாகப் பார்க்க வேண்டிய வாரங்களில், அலுவலகம் மொத்தமும் பந்தல், பாஸ், தடுப்புக்கட்டை, வாகன நிறுத்தம் என்று அலைந்துகொண்டிருக்கும். 2024 டிசம்பர் 1ஆம் தேதியும் அப்படித்தான், தீபத்துக்குப் பன்னிரண்டே நாள் இருந்தது. எல்லோர் கண்ணும் மலை உச்சியில் இருக்கும் மாதத்தில் மலையின் இடுப்பைப் பார்க்க ஆளில்லை. ஆகவே, அடிவாரத்துக்காரர்களே, அந்த மாதத்தில் உங்களுக்கு நீங்களேதான் காவல். அரசு எச்சரிக்கைக்காகக் காத்திராதீர்கள்.

என்ன பார்க்க வேண்டும்? வீட்டுக்கு மேலே சரிவில் தரையில் புதுசாக வெடிப்பு ஓடுகிறதா. மரமோ மின்கம்பமோ போன மழைக்கு இருந்ததைவிடச் சாய்ந்திருக்கிறதா. இதுவரை நீர் கசியாத இடத்தில் ஊற்றுப் போலக் கசிகிறதா. தெளிவாக வந்துகொண்டிருந்த ஓடைத் தண்ணீர் திடீரென்று செம்மண் கலங்கலாக வருகிறதா. அல்லது மழை பெய்துகொண்டே இருக்கும்போது ஓடை சட்டென்று நின்றுவிட்டதா. கடைசியாகச் சொன்னது மிக மோசமான அறிகுறி. மேலே எங்கோ மண் சரிந்து அணை போட்டிருக்கிறது, அது உடைந்தால் மொத்தமாக வரும் என்று பொருள். கதவு, ஜன்னல் காரணமில்லாமல் இறுகிச் சாத்த முடியாமல் போனால் மழையீரம் என்று எண்ணாதீர்கள், சுவர் நகர்ந்திருக்கலாம். கற்கள் ஒன்றிரண்டாக உருளும் சத்தம் கேட்டால் பீரோ சாவியைத் தேட நேரமில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடுங்கள். ஓடையின் வழியாகக் கீழே ஓடாதீர்கள், மண்ணும் அந்த வழியாகத்தான் வரும். இரண்டு நாள் விடாமல் அடித்த மழை நின்றுவிட்டதே என்று அன்றிரவே திரும்பிப் போய்ப் படுக்கவும் கூடாது. மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் மழையோடு சேர்ந்து நின்றுவிடாது. முன்கூட்டியே பேசி வையுங்கள்: மழை இரவில் எந்த உறவினர் வீட்டுக்கு, எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது, பாட்டியை யார் தூக்குவது.

அடுத்தது மனு. மனு என்றால் சலிப்பு வரும் என்று தெரியும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வு நாளில் வரிசையில் நின்று களைத்தவர்கள் நம்மில் பலர். இருந்தாலும் இந்த ஒரு மனுவை எழுதுங்கள். "எங்கள் தெருவுக்கு மேலே தொங்கும் பாறைகளைப் புவியியல் துறை ஆய்வு செய்ததா? செய்திருந்தால் அறிக்கையின் நகல் வேண்டும்" என்று மட்டும் கேளுங்கள். பட்டாவோ, சாலையோ, விளக்கோ இதில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் விளக்கு வரும், பாறை அப்படியே நிற்கும். மனு ரசீது எண்ணைப் பத்திரமாக வையுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதையே கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். "ஆபத்து" என்ற சொல் அலுவலகத்துக் கோப்பில் ஒரு தடவை பதிவாகிவிட்டால், பின்னால் எவரும் தெரியாது என்று சொல்ல முடியாது.

பகுதி சபை என்று ஒன்று இருப்பதும் பலருக்குத் தெரியாது. கிராமசபை போல நகரங்களுக்கும் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, 2022 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதன்முதலாக நகரங்களில் நடந்தது. வார்டு கவுன்சிலர் தலைமையில் நடக்கும். பெரும்பாலும் பத்திருபது பேர் வந்து சாக்கடை அடைப்பு பேசிவிட்டுப் போய்விடுகிறோம். அதுவும் பேச வேண்டியதுதான். ஆனால் நவம்பர் 1 என்பது மழைக்காலத்தின் தொடக்கப் பகுதி. அடுத்த ஐந்து வாரத்தில் சரிவில் என்ன நடக்கும் என்று கேட்க அதைவிடத் தோதான நாள் கிடையாது. எழுந்து கேளுங்கள், கேட்டது நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டு வரியை ஏப்ரல் 30க்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை என்று ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்லும் நிர்வாகத்தால், அதே ஆட்டோவில் "மேல்தெருக்காரர்கள் இன்றிரவு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள்" என்றும் சொல்ல முடியும். அதைக் கேட்டு வாங்குவது நம் வேலை.

மனை வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு சொல். புல எண்ணை வாங்கிக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் 'அ' பதிவேட்டில் அந்த நிலத்தின் வகைப்பாடு என்ன என்று பாருங்கள். புலப்பட நகல் வாங்கி, அதில் ஓடை, வாய்க்கால் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். தரையில் ஓடை தெரியாது, தூர்ந்து போயிருக்கும், படத்தில் இருக்கும். தண்ணீர் அந்தப் பழைய படத்தைத்தான் பின்பற்றும். இன்னொன்று, மனையை மழையில் போய்ப் பாருங்கள். சித்திரை வெயிலில் மலை அழகாகத் தெரியும். ஐப்பசியில்தான் உண்மை தெரியும்.

அப்படித்தான் நாங்களும் போனோம். பூக்கடைத் தம்பி, அவர் மனைவி, நான். மூன்று நாள் தூறல் விட்டிருந்த ஒரு காலை. தரகர் குடையோடு முன்னால் போனார். கல் ஊன்றியிருந்த மனைக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர், தேங்கி நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. மேலே இரண்டு பாறைகளுக்கு நடுவிலிருந்து வந்து, மனையைக் குறுக்கே கடந்து, கீழ்த்தெருவுக்குள் இறங்கியது. "ரெண்டு நாள்ல வத்திடும் சார், பேஸ்மென்ட்ட ஒரு ரெண்டடி ஏத்திட்டா போதும்" என்றார் தரகர். தம்பியின் மனைவி எதுவும் பேசவில்லை. குனிந்து அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார். உள்ளங்கையில் செம்மண் படிந்தது. "வேணாங்க" என்றார் கணவரிடம். கொடுத்திருந்த முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது.

அந்த மனை வேறு யாருக்கோ விற்றுவிட்டது. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது அஸ்திவாரம் எழும்பி, ஜல்லியும் மணலும் கொட்டியிருந்தது. பின்பக்கச் சரிவை மூன்றடிக்கு வெட்டி மட்டம் செய்திருக்கிறார்கள். வேலை செய்கிறவர்களிடம் விசாரித்தேன். வீட்டுக்காரர் வெளியூரில் வேலை, மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவாராம், இரண்டு பெண் பிள்ளைகளாம். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. உங்களில் எவருக்காவது தெரிந்தால், தளம் போடுவதற்குள் இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.